பொதுமக்கள் கவனத்திற்கு

3 மார்ச் 1986

மலையில் மறுபடியும் தீ. சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது பார்த்தேன். செண்பகத்தோப்புக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு, யாரோ மலைக்கு அரைஞாண் கட்டிவிட்டது போல. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு அதற்குள் ஓடும் உயிர்களை நினைத்தேன், அழகு போய்விட்டது.

காட்டிலாகாவிலிருந்து இவருடைய மைக்செட் கடைக்கு ஆள் வந்ததாம். நாளை இவர் வேனில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கச் சொல்லிவர வேண்டும். காட்டுக்குள் போகிறவர்கள் தீப்பெட்டி, பீடி கொண்டுபோகக் கூடாது. இவருக்கு அது மனப்பாடம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கேட்கிறேன், "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று அந்த 'கவனத்தை' ஒரு இழுப்பு இழுப்பார். மடவார் வளாகத்தில் ஐயாதுரை மைக்செட் என்றால் தெரியாதவர்கள் உண்டா?

ஆனால் தொண்டை கரகரவென்று இருக்கிறது. தை மாசத்திலிருந்தே இப்படி. பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுத்தேன். "ஒண்ணுமில்லட்டி, கல்யாண சீசன்" என்கிறார்.

19 மார்ச்

ரத வீதியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுவிட்டதாம். வேன் ஓட்டும் கண்ணுச்சாமி வந்து சொன்னான். இவர் சொல்லவில்லை.

8 ஏப்ரல்

மதுரை. டாக்டர் கண்ணாடி வைத்து உள்ளே பார்த்தார். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார். கட்டி. சின்னதுதான், அறுத்து எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. "குரல்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

திரும்பும் பஸ்ஸில் இவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வயல், கிணறு, யார் வீட்டுக் கல்யாணத்தில் எந்த ஆம்ப்ளிபயர் புகைந்தது, எல்லாம். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். கல்லுப்பட்டி தாண்டியதும் புரிந்தது: இருக்கும் குரலைச் செலவழித்துப் பார்க்கிறார்.

27 ஏப்ரல்

ஆபரேஷன் முடிந்தது. உயிரோடு இருக்கிறார். போதும் சாமி.

11 மே

வீட்டுக்கு வந்துவிட்டோம். மகள் சிவகாசியிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனாள். நான் வேலை பார்க்கும் பால்வாடியிலிருந்து ஒரு சிலேட்டும் குச்சியும் கொண்டுவந்து கொடுத்தேன், வேண்டியதை எழுதிக் காட்டட்டும் என்று. கையால் தள்ளிவிட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிள்ளைகள் சிலேட்டையா கொடுப்பது?

ஒரு குரல்நாணை எடுத்திருக்கிறார்கள். மெதுவாகப் பேசிப் பழகலாம், காற்றுக்குரல் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று காலை முற்றத்தில் நின்று முயன்றார். நான் அடுக்களையிலிருந்து கேட்டேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். இவரே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார். வாசலைப் பார்த்தார், யாராவது கேட்டார்களோ என்று.

நான் பாத்திரத்தை உருட்டினேன், கேட்காதவள் மாதிரி.

2 ஜூன்

கோடை இடியில் சுந்தரபாண்டியம் பக்கம் ஆடு மேய்த்த ஒருவர் இறந்துபோனார். புளியமரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார். எங்கள் பால்வாடிக்கு நேர் பின்னால்தான் அந்தக் காடு. இடி விழுந்தபோது பிள்ளைகள் எல்லாம் என் மேல் வந்து விழுந்தார்கள். யாருக்கு யார் தைரியம் சொல்வது என்று தெரியவில்லை.

தாலுகா ஆபீசிலிருந்து கடைக்கு வந்தார்கள், இடியின்போது மரத்தடியில் நிற்காதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்று. இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ராஜபாளையத்திலிருந்து வேறு ஆள் கூட்டிக்கொண்டார்கள். அந்த ஆள் எங்கள் தெரு வழியாகச் சொல்லிக்கொண்டு போனபோது இவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

9 ஜூன்

பேசுவதில்லை. என்னிடம்கூட.

30 ஜூன்

ஆனிக் காத்து. மூன்று நாளாக நிற்கவில்லை. ராஜபாளையத்தில் ஒரு கொட்டகையின் தகரம் பறந்து ரோட்டில் விழுந்ததாம். சுந்தரபாண்டியத்தில் பால்வாடி வாசலிலேயே கரண்டு கம்பி அறுந்து கிடந்தது. ஒரு பிள்ளை அதைக் கயிறு என்று எடுக்கக் குனிந்துவிட்டது. ஆயா சீனியம்மாள் அதன் பாவாடையைப் பிடித்து இழுத்திராவிட்டால்—



லைன்மேன் ராஜரத்தினம் ஓடிவந்தார். "டீச்சர், பத்து எடத்துல அறுந்து கெடக்கு. எல்லாத்துக்கும் நான் போய்ச் சேரும் முன்னால எவனாவது தொட்டுருவான். அண்ணாச்சி மட்டும் நல்லா இருந்தா இந்நேரம் ஊருக்கே சொல்லியிருப்பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இவர் படுத்திருந்தார். ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்தேன். பார்த்தார். "கம்பி அறுந்து கெடக்குங்க. பிள்ளைக தொட்டுரும். நான் சொல்லிட்டு வாரேன்" என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கண்ணுச்சாமி குழாயைக் கட்டினான். மைக்கைக் கையில் வாங்கினேன். பெற்றோர் கூட்டத்தில்கூட எழுந்து நின்று பேசியவளில்லை நான். "வணக்கம்" என்றேன். அது எனக்கே தெருமுனையிலிருந்து திரும்பி வந்தது. மறுபடியும் "வணக்கம்" என்றேன். கண்ணுச்சாமி, "அக்கா, விசயத்தைச் சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். அறுந்த கம்பியைத் தொடாதீங்க. பிள்ளைகளை வெளியே விடாதீங்க. குச்சியால்கூடத் தள்ளாதீங்க. எங்கள் தெரு வந்தபோது மைக்கைத் தாழ்த்திவிட நினைத்தேன். தாழ்த்தவில்லை.

1 ஜூலை

சாப்பிடவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பொருளைக் கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று கோபமா? இல்லை, அறிவிப்பு நின்றுபோகவில்லை, வேறு வாயிலிருந்து வருகிறது என்றா? எனக்கும் கோபம்தான். பேசினால்தானே தெரியும்?

4 ஜூலை

காத்து இன்னும் அடங்கவில்லை. இன்றும் போகச் சொன்னார்கள். கிளம்பும்போது வேனில் முன் சீட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு. ஏறிக்கொண்டேன்.

நான் பேச ஆரம்பித்ததும் குழாய் கீச்சிட்டது. இவர் திரும்பினார். என் கையோடு மைக்கைப் பிடித்து வாயிலிருந்து தள்ளி, இடையில் நாலு விரலை வைத்துக் காட்டினார்: இவ்வளவு தூரம். பிறகு ஆம்ப்ளிபயர் குமிழைக் கொஞ்சம் திருப்பினார். என் குரல் சரியானது.

அந்த நாலு விரலும் என் உதட்டில் பட்டன. இந்த வயதில் இதையெல்லாம் எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

17 ஆகஸ்ட்

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு. தூக்கத்திலும் "கொதிக்க வைத்து ஆறவைத்து" என்று சொன்னேனாம். இவர் காலையில் கையாலேயே நடித்துக் காட்டினார். சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கும் வந்தது, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

29 அக்டோபர்

ஐப்பசி. தாலுகா ஆபீசில் புயல் என்றார்கள். சுந்தரபாண்டியத்துக்குப் போய்ச் சொன்னேன். வரவில்லை. கனமழை என்றார்கள், சொன்னேன். தூறலோடு போனது. இன்று மூன்றாவது தடவை. நல்ல வெயில். ஓடைத் தெருவில் ஒருத்தர், "டீச்சர், குடை பிடிச்சுக்கிடவா?" என்றார். தெருவே சிரித்தது.

முகம் சுண்டிப் போய் வேனில் உட்கார்ந்திருந்தேன். இவர் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை என் கையில் வைத்து மூடிப் பிடித்தார். இவரைப் பார்த்தும் எத்தனை தடவை சிரித்திருப்பார்கள்? வீட்டில் வந்து ஒருநாளும் சொன்னதில்லையே.

14 நவம்பர்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் தாலுகா ஆபீசிலிருந்து தாள் வந்தது. மேலே மலையில் பெருமழை, கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது, ஓடைத் தெரு ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஊரில் அப்போது தூறல்தான். ஆனால் மலையே தெரியவில்லை. மேற்குப் பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டது போல இருந்தது.

ஓடைத் தெருவில் வேனை நிறுத்தி வாசித்தேன். "தாழ்வான பகுதியில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இரண்டு தடவை வாசித்தேன். வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. குடை கேட்ட ஆள் திண்டில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

இவர் என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நீயே சொல்லு.

எனக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? பால்வாடியில் சொல்வது போலச் சொன்னேன். "ஏட்டி முத்துமாரி, அடுப்பை அணை. கைப்பிள்ளைய தூக்கு. பொட்டியெல்லாம் வேண்டாம், பிள்ளைய மட்டும் தூக்கு. பால்ச்சாமியண்ணே, மூணு தடவை பொய்யாப் போச்சு, ஒத்துக்கிடுதேன். இன்னைக்கும் பொய்யாப் போனா நாளைக்கு என்னைய நல்லா ஏசுங்க, நின்னு கேட்டுக்கிடுதேன். இப்ப எந்திரிங்க. பள்ளிக்கூடத்துல கஞ்சி காச்சச் சொல்லியிருக்கு. எல்லாரும் வந்து செத்த நேரம் உக்காருங்க, அம்புட்டுத்தான்."

முத்துமாரி முதலில் வந்தாள். பிறகு அவள் மாமியார். பிறகு ஒவ்வொரு வாசலாக. குடை கேட்ட பால்ச்சாமியண்ணன் ஒரு கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார்.

எல்லோரும் மேட்டுக்கு வந்த பிறகுதான் சுடலைமாடத்தி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "டீச்சர், எங்க மதினி அங்காளம்மா கால்ல கட்டோட உள்ள கெடக்கா! அண்ணன் திருப்பூர்ல இருக்கான். பால்ச்சாமி தூக்கிட்டு வாராருன்னு நெனச்சேன்!"

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இவர் வேனை விட்டு இறங்கி ஓடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் மெதுவாக ஏறி வரும் என்று நினைத்திருந்தேன். ஏறவில்லை, வந்தது. சிவப்பாக, முள்ளும் கட்டையும் சுருட்டிக்கொண்டு, தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. நாங்கள் நின்றிருந்த இடத்துக்குக் கீழே ஒரு சுவர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. ஓடைத் தெரு தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் கூப்பிடக் குரல் இல்லை. எந்த வீட்டில் நிற்கிறார், எந்த மரத்தைப் பிடித்திருக்கிறார்— சொல்ல முடியாது. ஏன் போனீய? என்னத்துக்குப் போனீய? நாலு பேரு இருக்கையில நீங்க ஏன் போனீய?

மைக்கில் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஐயாதுரை! ஐயாதுரை!" என்று ஊர் கேட்கக் கத்தினேன். பதில் வராது என்று தெரிந்தும் கத்தினேன். கண்ணுச்சாமிதான் என் தோளைப் பிடித்து, "அக்கா, நீங்க கத்துனா அண்ணாச்சி என்ன செஞ்சாலும் நமக்குக் கேட்காதுக்கா" என்றான்.

சரிதானே. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்: "நான் பேசுறது கேட்டுச்சுன்னா எதையாவது தட்டுங்க. நாங்க எல்லாரும் சும்மா இருக்கோம். தட்டுங்க." மைக்கை அணைத்தேன். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அழுத பிள்ளைக்குத் தாய் மார்பைக் கொடுத்தாள். மழைச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். வேறொன்றும் இல்லை.

மறுபடியும் சொன்னேன். அணைத்தேன்.

டங்.

சுடலைமாடத்தி என் கையை இறுக்கினாள். டங், டங். பானையோ தகரமோ. "மேலப் பக்கம்! வேம்பு நிக்குற வீட்டு மச்சு!" என்று பால்ச்சாமியண்ணன் கத்தினார். வேனில் இருந்த, குழாய் கட்டும் கயிறு எல்லாவற்றையும் முடிந்து, ஆண்கள் வேலி மரத்தில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் விட்டு விட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன், தட்டுங்க, வாராக, கயிறு வருது, தட்டுங்க என்று. அவரும் தட்டிக்கொண்டே இருந்தார்.

முதலில் அங்காளம்மாளைக் கொண்டுவந்தார்கள். பிறகு இவரை. கையில் நசுங்கிய பித்தளைக் குடம், விடவே இல்லை. விரல் முட்டியெல்லாம் ரத்தம். நான் ஏசினேன். அத்தனை பேர் முன்னால் என்னவெல்லாமோ ஏசினேன். இவர் நனைந்த துண்டால் என் முகத்தைத் துடைத்தார். அது மழையா, கண்ணீரா என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஓடைத் தெருவில் பாதி வீடு இல்லை. ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

16 நவம்பர்

பள்ளிக்கூடத்தில் கஞ்சி ஊற்றும்போது பால்ச்சாமியண்ணன் வரிசையில் என் முன்னால் வந்து நின்றார். "ஏச வந்தேன் டீச்சர்" என்றார். பிறகு தட்டை நீட்டினார். அவர் வீடும் போய்விட்டது.

22 டிசம்பர்

இவருக்கு ஆறிய புண் மறுபடி வலிக்கிறதோ என்று எனக்குப் பயம். வெள்ளத்தன்று அவ்வளவு நேரம் நனைந்தது. கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிறார். ராஜபாளையத்தில் ஒரு நல்ல தொண்டை டாக்டர் வந்திருக்கிறாராம். பொங்கல் கழிந்து காட்ட வேண்டும்.

20 ஜனவரி 1987

ராஜபாளையம் போய் வந்தோம். புண் சுத்தமாக ஆறிவிட்டது, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பாடா.

ஆனால் இன்று எழுத வேண்டியது அதுவல்ல.

விடிந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பினோம். அப்படி ஒரு பனி. மடவார் வளாகத்துக் கோபுரமே காணோம். மெயின் ரோட்டுக்கு வந்தால் எதிரே வருவது ஆளா மாடா என்று கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்தபடி நடந்தேன். ரோட்டுக்கு நடுவே போய்விட்டேன் போலிருக்கிறது. இவர் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துவிட்டு, என் காதோடு வாயை வைத்து—

"ஓரமா வாட்டி. லாரி வருது."

காற்றுதான். வெறும் காற்று, அதற்குள்ளே வார்த்தை. ரோட்டின் அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்டிருக்காது. லாரி விளக்கில்லாமல் எங்களை உரசினாற்போலப் போனது.

நான் நின்றேன்.

"என்னது? கேக்கல" என்றேன்.

பொய். மறுபடியும் குனிந்து சொன்னார்.