ஆளுக்கு இரண்டு வாக்கு

ஆகஸ்ட், இரண்டாம் ஞாயிறு. டூங்கபி, சிட்னி.

இன்று எங்கள் சங்கத் தேர்தல். அமெரிக்காவின் முதல் தேர்தல்களில் இருந்த முறையை இங்கேயும் வைப்போம் என்றவர் பாலன் மாஸ்டர். ஆளுக்கு இரண்டு வாக்கு; அதிகம் எடுத்தவர் தலைவர், அடுத்தவர் உபதலைவர். அப்படியென்றால் கட்சியே வராதாம். அங்கே அந்த முறை எப்படி நாறியது என்ற அடுத்த பக்கத்தை மனுசன் புரட்டவேயில்லை.

கட்சி போன கிழமையே வந்துவிட்டது. ஒரே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வாட்சப்பில் கூடி, ரவி தலைவர், குகன் உபதலைவர் என்று முடிவெடுத்தார்கள். நாற்பத்தொரு பேரும் இரண்டு பெயரையும் பிசகாமல் எழுதினார்கள். இருவருக்கும் நாற்பத்தொன்று! ஒருவனாவது குகனை விட்டிருக்கலாம். அந்த மூளைகூட இல்லை.

"நீ விலகடா," என்றான் ரவி.

"ஏன், நானும் நாப்பத்தொண்டு எடுத்து வெண்டனான்தானே," என்றான் குகன்.

சமன் வந்தால் மிச்சப் பேர் தீர்க்கவேண்டும் என்பதும் மாஸ்டரின் விதிதான். மிச்சப் பேர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்காத, தோற்ற நாங்கள்.

நேற்றுவரை இருவரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் ரவியின் அழைப்பு: "அன்ரி, சாப்பிட்டிட்டியளோ?" அவன் போனை வைத்ததும் குகன். அவனும் அதே கேள்விதான் கேட்டான்.

ஒரே பள்ளிக்கூடம் அல்லவா.