புழுவின் குடலுக்குள் இருந்த கூட்டாளி

என் அருமை அண்ணனுக்கு,

நீ போய் எத்தனையோ தக்காளி நடவு முடிந்துவிட்டது. கோபம் மட்டும் ஆறவில்லை. உன் மேலும்தான்.

கல்லூரிப் பூச்சி ஆய்வுக்கூடத்தில் எனக்கு இன்னமும் புழு வளர்க்கிற வேலைதான். "நான் கொல்றேன், நீ அதுக்குச் சோறு போடுற. வெளங்குமா நம்ம குடும்பம்?" என்று சிரிப்பாயே, அதே வேலை.

செம்பட்டித் தோட்டத்தில் புழு விழுந்தபோதெல்லாம் ஒன்றைத் தீப்பெட்டியில் அடைத்து மருந்துக்கடைக்குக் கொண்டுபோவாய். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். கடைக்காரர் திறந்து பார்ப்பார், முந்தினதைவிடக் காட்டமான பாட்டிலை எடுத்து வைப்பார். ஒரு செடியைப் பிடுங்கிவா, பார்க்கலாம் என்று அந்த மனுஷன் ஒருநாளாவது சொன்னாரா?

அப்புறமும் புழு அடங்கவில்லை. "மருந்து சரியாத்தான் இருக்கு. அடிக்கத் துப்பில்லைன்னா நான் என்ன செய்ய?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நீ இன்னொரு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு வந்தாய். மறுநாள் இரண்டு மருந்தைக் கலந்து, மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டாமல், எதிர்காற்றில் அடித்தாய். வரப்பில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. யாருக்குக் காட்ட அந்த வீம்பு, அண்ணே?

இப்போது கேள். புழு கடித்தால் தக்காளிச்செடி சும்மா இருப்பதில்லை. புழுவுக்குச் செரிக்காதபடி தன் இலையையே மாற்றிக்கொள்ளும். ஆனால் புழுவின் குடலில் இருக்கிற பாக்டீரியா, கடிக்கும்போது எச்சிலோடு இலைக்காயத்தில் இறங்கிவிடுகிறது. ஏதோ நோய் வந்துவிட்டதென்று செடி, புழுவைத் தடுக்கிறதை விட்டுவிட்டு, அதோடு மல்லுக்கு நிற்கிறது. அந்த நேரம் புழு நிம்மதியாகத் தின்கிறது. பாக்டீரியாவை ஒழித்த புழுக்களை நானே செடியில் விட்டுப் பார்த்தேன். தின்றும் தேறாமல் சோனியாய்க் கிடந்தன.

எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. உன் தோட்டத்திலும் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செடிக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியாத ஆள் உன் துப்பைப் பற்றிப் பேசலாமா?

இதை வைத்து எங்களிடம் ஒரு மருந்தும் இன்னும் இல்லை. அது வேறு எரிச்சல். மதினி அதே தோட்டத்தில் மறுபடி தக்காளி போட்டிருக்கிறாள். போன வாரம் அவள் கையில் ஒரு தீப்பெட்டி. "கடையில காட்டிட்டு வாரேன்" என்றாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

நாளைக்கு வேரோடு பிடுங்கிய செடியை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போகிறேன். நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் போவேன். உன்னைச் சொன்ன வார்த்தையை அந்த ஆள் திரும்ப வாங்காமல் படியிறங்க மாட்டேன். மதினியின் முதுகில் உன் மருந்து டேங்க் ஏறாது. இது சத்தியம்.

இன்னமும் புழுவுக்குச் சோறு போடும்
உன் தங்கச்சி,
செல்வி