இந்தத் தோல் உரியாது

ஓக்லஹோமா,
ஜூன் 9

வெர்லினுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. வயோமிங் மலையில் சுகமாகத்தான் இருப்பாய். விட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கு எங்கே போனாலும் சுகம்தான்.

நம் மகளின் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வில் வந்தது. "அப்பா தன் கையாலயே செஞ்சதும்மா, பாம்புத்தோலெல்லாம் ஒட்டி!" என்று டெஸ்ஸா தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். ஆறு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் பொருள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். வில்லோடு நாண் வைக்க வேண்டும் என்பதுகூட உனக்கு மறந்துபோயிருந்தது.

பத்தே நாளில் இரண்டு முனையிலும் தோல் எழும்பிவிட்டது. பதனிட்ட தோலில் எண்ணெய்ப்பசை இருக்கும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? சோப்புத் தண்ணீரில் அலசி, உள்பக்கச் சவ்வைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒரு மணி நேர வேலை. தோல் வந்த உறையைப் பிரித்த கையோடு ஒட்டியிருக்கிறாய். "காஞ்சா எல்லாம் சரியாயிடும்டீ" என்பதுதானே உன் பழைய பாட்டு.

திரும்ப ஒட்டலாம் என்று முழுதும் உரித்தேன். வில்லின் முதுகில் அறுபடாமல் ஓட வேண்டிய மரத்தின் ஆண்டு வளையத்தையே வெட்டிவிட்டிருக்கிறாய். அதன்மேல் பசையை ஊற்றி, பாம்பை வைத்து மூடியிருக்கிறாய். தோல் அழகுக்கு, வெர்லின். பலவீனமான மரத்தை அது தாங்காது. இருபது வருஷம் வில் செய்தவனுக்கு இது தெரியாதா? டெஸ்ஸா முழுசாக இழுத்திருந்தால் அவள் முகத்திலேயே உடைந்திருக்கும். நாண் வைக்க மறந்தாயே, நீ அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். தூ!

உன் வில்லை அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

டெஸ்ஸாவிடம் தோல் ஒட்டித் தருவதாகத்தான் சொல்லியிருந்தேன். வில்லுக்கென்றே நான் வைத்திருந்த ஓசேஜ் மரக்கட்டையில் அதே அளவில் வேறொன்று செதுக்கினேன். உன் பாம்புத்தோலையே கழுவி அதில் ஒட்டினேன். இது உரியாது. நாணும் நானே முறுக்கினேன். நேற்று முதல் அம்பை விட்டுவிட்டு, "அப்பா வில்லு எப்படிப் பாயுது பாத்தியாம்மா!" என்று துள்ளினாள். பார்த்தேன் என்றேன்.

சனிக்கிழமை போட்டி முடிந்ததும் உனக்குப் போன் செய்வாள். இந்த வில்லின் இழுவிசை நாற்பத்திரண்டு பவுண்டு, பிடியில் மான்தோல். அவள் கேட்டால் உளறாதே. பாராட்டுவாள். கூசாமல் வாங்கிக்கொள், அது உனக்கு நன்றாக வரும். எனக்கு நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

போனை மட்டும் எடு, வெர்லின்.

ஓப்பல்