ஆழத்துக்கு அலவன்ஸ்

1984 மார்ச் 11, ஞாயிறு. எழுமலை.

இன்று என்னைப் பெண் பார்க்க வந்தவர் பம்பாய்த் துறைமுகத்தில் டைவர். கடலுக்குள் முங்கிப் போய், கப்பலின் அடிப்பக்கத்தைப் பழுது பார்ப்பாராம்.

"சம்பளம் எம்புட்டு தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"மாசம் ஆயிரத்து நூறு. எம்புட்டு ஆழம் போறோமோ அதுக்குத் தக்கன அலவன்ஸ் தனி."

"அப்ப ஆழமாவே போயிர வேண்டியதுதானே!" என்று அப்பா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு ஆழத்தில் இந்த மனுஷனை யார் பார்த்துக்கொள்வார்கள்? காபி கொடுக்கும்போது கேட்டே விட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் இடுப்புல கட்டுன கயித்த மேல ஒருத்தர் பிடிச்சிருப்பாரு. ஒருதரம் இழுத்தா, நல்லா இருக்கியான்னு கேக்குறாரு. நானும் ஒருதரம் இழுப்பேன். நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

யோசித்துப் பதில் சொல்கிறோம் என்று அப்பா அவர்களை அனுப்பி வைத்தார். நான் என் அறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பு மாட்டியவர், துணி காயும் கொடிக்கயிற்றை ஒருதரம் இழுத்தார். அதன் மறுமுனை என் ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருக்கிறது.

அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் அப்போதே ஒருதரம் இழுத்துவிட்டேன்.