நட்சத்திரம் செத்த செய்தியும் நீங்கள் ஊற்றிய பாயசமும்

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னை வாய் நிறைய 'விஞ்ஞானி' என்றே கூப்பிட்ட மாமாவுக்கு,

திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் வீட்டு வாசல் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

இரண்டாயிரத்து நான்கு, சிதம்பரம். என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அதே துறையில் பேராசிரியரான நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். பெரிய நட்சத்திரம் சாகும்போது அந்தச் செய்தியோடு முதலில் வெளியேறுவது ஒளி அல்ல, நியூட்ரினோ என்னும் துகள் என்றேன். ஒளி உள்ளே சிக்கித் தாமதமாகத்தான் வரும். ஆகவே துகள் வந்த உடனே விண்வெளித் தொலைநோக்கிக்குச் சொல்லிவிட வேண்டும், அது திரும்பிப் பார்க்கட்டும் என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். கடலூரில் என் அம்மா இறந்துவிட்டாள் என்று அக்கா காலையிலேயே உங்களுக்குச் சொல்லியிருந்தாள். "நான் அவன கூட்டிட்டு வரேன்" என்று நீங்களும் சொல்லியிருந்தீர்கள்.

"வெளியூர் எக்ஸாமினர்டா, மறுபடி எப்ப வருவாரோ? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றீர்கள் பிறகு. சரி, தேர்வுவரை மறைத்தீர்கள். முடிந்தபின் விருந்து எதற்கு? "விஞ்ஞானி, இன்னொரு கரண்டி" என்று என் இலையில் பாயசம் ஊற்றினீர்களே! பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்புகூட மூட்டமாட்டார்கள், மாமா. நான் கெடில ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது சிதை பாதி எரிந்திருந்தது. சித்தப்பா கொள்ளி வைத்திருந்தார்.

நான் அன்று சொன்னது இப்போது நடக்கிறது. துகளைப் பிடிக்கப் பனிக்கட்டிக்கு அடியில் கருவி புதைத்துவிட்டார்கள். ஈர்ப்பு அலையைக் கேட்கும் கருவிகளைக் கூர்மையாக்குகிறார்கள். இனி ஒரே சாவை ஒளியும் துகளும் அலையும் தனித்தனியே வந்து சொல்லும். முதலில் கேட்டவன் மற்றவர்களை எழுப்புவான். மறைத்துவைக்க அங்கே மாமாக்கள் இல்லை.

வெளிநாட்டில் உங்கள் மகன் அருளுக்கு அந்த வேலைதான். உங்கள் மூச்சு நின்றதும் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் மறைக்கவில்லை.

"மாமா, இப்பதான் சேட்டிலைட் ஒரு வெடிப்பக் காட்டியிருக்கு. ரெண்டு நாள்ல மங்கிடும். நான் கெளம்பிட்டா அவ்ளோதான்" என்றான் அழுதுகொண்டே.

"அப்பா மொகத்தப் பாக்க வேணாமாடா?"

"ஆயா செத்தப்ப உங்களுக்கே சொல்லாம வெச்சிருந்தாராமே, படிப்புதான் முக்கியம்னு. அவுரு இருந்தா முடிச்சிட்டு வாடான்னுதான் சொல்லுவாரு."

அதைப் பெருமையாகச் சொல்லியே வளர்த்திருக்கிறீர்கள்!

"போனக் குடுடா. நான் கூப்ட்டா வந்துடுவான்" என்று அக்கா கையை நீட்டினாள். நான் தரவில்லை. "முடிச்சிட்டே வாடா" என்று அவனிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஐஸ் பெட்டியை அன்று மாலையே திருப்பி அனுப்பினோம். பங்காளி என்று யாரும் இல்லாததால் கொள்ளிச்சட்டி என் கைக்கு வந்தது. நன்றாகவே எரிந்தீர்கள்.

கருமாதிக்கு அருள் வருகிறான். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் இலையில் பாயசம் நான்தான் ஊற்றுவேன், இன்னொரு கரண்டியும் சேர்த்து. அவன் வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். முடித்தபின், ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் உங்கள் முகம் எப்படி இருந்தது என்பதையும், அவன் அம்மா எதற்காகக் கையை நீட்டினாள் என்பதையும் விடாமல் சொல்வேன்.

உங்களுக்குக் கொள்ளி வைத்த மைத்துனன்