மூன்று கையெழுத்து

ஃபெர்ன் கிரீக், அயோவா
ஆகஸ்ட் 22

அன்பு மகன் ரூபனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அலாஸ்காவில் குளிர் தொடங்கிவிட்டதா? மீன்பிடிப் படகில் போட்டுக்கொள்ளக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். சோளம் உன் தலைக்கு மேல் நிற்கிறது.

உன் தங்கை ஜூனியா அரசுப் பள்ளியின் வெல்டிங் வகுப்புக்கு விண்ணப்பித்தாள். ஒன்பது வருடம் முன்பு, பதினேழு வயதில் நீ கேட்ட அதே வகுப்பு. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளும் அதற்கு மட்டும் போய்வரலாம். ஓர் இடம்தான் மீதி. கடைசி நாள் நேற்று, மாலை நான்கு மணி.

விண்ணப்பத்தில் மூன்று கையெழுத்து. பெற்றோர், ஆசிரியர், தலைமை ஆசிரியர். நம் வீட்டுப் பள்ளிக்கு மூன்றும் நான்தானே, மூன்றையும் நானே போட்டேன். இருபது வருடமாக அப்படித்தானே.

பள்ளி அலுவலகத்து டார்லா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "என்னங்க, மூணும் ஒரே கையா இருக்கு?" என்றாள். "மூணு பேருக்கும் ஒரே அடுப்படிதான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். தாளைத் திருப்பியும் கொடுத்துவிட்டாள். பிள்ளையின் வேலையைக் கண்ணால் கண்ட வெளியாள் ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டுமாம். மணி மூன்று ஐந்து.

வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா முழுவதும் கேட்டார். போனை வைத்துவிட்டார். அந்தப் பள்ளியின் படி மிதிக்க மாட்டேன் என்று அன்று நீ கேட்டபோது உன்னிடம் சொன்னவர்.

ஜூனியா நகம் கடித்தாள். நானும்.

மூன்று ஐம்பது. நம் பிக்கப் வண்டி வந்து நின்றது. உள்ளே பக்கத்துப் பண்ணை லாய்டு, தலையெல்லாம் வைக்கோல். "வயல்ல நின்னவனை ஆட்டுக்குட்டி மாதிரி தூக்கிட்டு வந்துட்டான்மா உன் புருஷன்!" என்று கத்தினார். டார்லாவிடம் போய், "என் வைக்கோல் கட்டுற மெஷினை நாலு நாளா நான் திட்டினேன். இவ ஒரு மணி நேரத்துல வெல்டு பண்ணி ஒட்டிட்டா. எங்க போடணும் கையெழுத்து?" என்றார்.

அவர் பின்னால் அப்பா. தொப்பி கையில். பள்ளிக்கு உள்ளே.

இடம் கிடைத்துவிட்டது. ஜூனியா லாய்டைக் கட்டிக்கொண்டாள். இப்போது அவள் தலையிலும் வைக்கோல்.

கிளம்பும்போது அப்பா வெல்டிங் ஆசிரியரிடம், தரையைப் பார்த்தபடி, "இருபத்தாறு வயசுல ஒருத்தன் வந்தா சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார். பெரியவர்களுக்குச் செவ்வாய்தோறும் மாலையில் வகுப்பு உண்டாம்.

அப்பா உனக்கு எழுதச் சொல்லவில்லை. செவ்வாய் என்று எழுதினாயா என்று மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

மூன்று பேர் சார்பிலும்,
அம்மா