ஸெபோ மிச்சம் வைக்காத ரொட்டி

மர்கிலானில் இருக்கும் மவ்ஜூதா அக்காவுக்கு, ப்ராக் நகரிலிருந்து தம்பி எர்காஷ் ஸலாம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் நான் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் வேலைக்கே போகிறார்கள்.

உங்கள் மகள் ஸெபோ, கூடப் படிக்கும் மூன்று பேரோடு இரண்டு நாள் ஊர் சுற்ற இங்கே வந்தாள். ராணி மாதிரி கவனித்தேன். கிளம்பும்போது ரயிலடியில், நம் வழக்கப்படி ஒரு ரொட்டியை நீட்டினேன்.

"ஒரு கடி கடிச்சுட்டுக் கொடும்மா. மிச்சத்தை ஆணியில மாட்டி வைக்கிறேன். நீ திரும்பி வந்துதான் தின்னணும்."

அவள் கடித்தாள். பக்கத்தில் நின்ற போலந்துக்காரன் மாரெக், தனக்கும்தான் என்று நினைத்து ஒரு துண்டு பிய்த்தான். மற்ற இருவரும் பிய்த்தார்கள். ரொட்டியே தீர்ந்துபோனது!

"முறைக்காதீங்க மாமா, பசிச்ச பிள்ளைங்க" என்று சிரித்தாள் ஸெபோ.

"அப்போ நீ எப்படித் திரும்பி வருவே?"

"ரயில்லதான்!"

எனக்காக அந்த ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தது, அது வேறு விஷயம். ஆனால் ஒன்றும் புரியவில்லை, அக்கா. இனி நாலு பேரும் வருவார்களா, ஒருத்தருமே வரமாட்டார்களா? பள்ளிவாசலில் யாரையாவது கேட்டு எழுதுங்கள்.

அப்புறம், ஆறு வருடம் முன்பு நான் கடித்துக் கொடுத்த ரொட்டி உங்கள் சமையலறை ஆணியில்தானே இருக்கிறது? எறும்பு ஏறினால் வேறு ஆணிக்கு மாற்றுங்கள். முழுக்கத் தின்று தீர்த்திருந்தால், அதை மட்டும் எழுத வேண்டாம்.

மாவு பிசையக் கூப்பிடுகிறார்கள்.

எர்காஷ்